மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லையா?

நம்பிக்கை: ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் கடைசிக் கட்டத்தில்தான் புள்ளியியலுக்கு வேலை. ஏழெட்டுப் பேரிடம் சோதிக்கும் தொடக்கத்தில் டாக்டரின் கண்ணே போதும்.

உண்மை: சூலக்கரையிலிருந்து சிவகாசி வரை ‘மருந்து’ என்றால் பட்டாசுக்குள் போகும் கலவையும்தான். புதுக் கலவையில் செய்த வெடிகளில் மூன்றைக் கொளுத்தி, மூன்றும் ஒழுங்காக வெடித்தன என்பதற்காகச் சரக்கு முழுவதையும் யாரும் நம்பிவிட மாட்டார்கள். உடலுக்குள் போகும் மருந்துக்கும் அதே கணக்குதான். பத்தில் மூன்று பேருக்குக் கடும் பக்கவிளைவு தரும் மருந்தை மூன்று பேருக்குக் கொடுத்தால், மூவருமே தப்பிவிட 34 சதவீத வாய்ப்பு உண்டு, 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் தெரிந்துவிடும். ஆறு பேருக்குக் கொடுத்தாலும் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட 12 சதவீதம். ஆள் குறையக் குறையக் கண் ஏமாறுவது கூடும். எத்தனை பேருக்கு, எந்த அளவில், எவ்வளவு இடைவெளியில் என்ற கணக்கு அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

லண்டனில் 2006 மார்ச்சில் டிஜிஎன்1412 என்ற மருந்து முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. எட்டுத் தன்னார்வலரில் இருவருக்கு வெற்று மருந்து. மருந்து பெற்ற ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். விலங்குச் சோதனையில் தெரியாத ஆபத்தைப் புள்ளியியல் மட்டும் முன்னறிந்திருக்குமா என்று கேட்கலாம். அறிந்திருக்காது, அப்படிச் சொல்பவர் ஜோசியர். ஆனால் சில நிமிட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக ஊசி போடாமல், முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போட்டிருந்தால் மற்றவர்களாவது அந்தத் துன்பத்திலிருந்து தப்பியிருப்பார்கள் அல்லவா? இடைவெளியை வகுப்பதும் சோதனைத் திட்டத்தின் பகுதி. மனிதர்களுக்கு முதன்முதலாக மருந்து கொடுக்கும் இத்தகைய சோதனைகளைப் பற்றிப் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2007-இல் தனிக் குழு அறிக்கையே வெளியிட்டது.

அனுபவமுள்ள டாக்டருக்கு மருந்தின் அளவு தெரியாதா என்பது இன்னொரு கேள்வி. இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியசிட் மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. அது முதல் கட்டச் சோதனை அல்ல, ஆனால் அளவைத் தேடும் கேள்வி இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு வேளையாகப் பிரித்தால் ரத்தத்தில் மருந்து நாள் முழுக்க நிற்கும், ஆகவே அதுவே நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சோதனையில் ஏறக்குறைய அதே அளவை ஒரே வேளையில் விழுங்கியவர்களே கூடுதலாகக் குணமடைந்தார்கள்.