ஆர்டிஎக்ஸ் 5090-க்கு எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் இருக்க வேண்டும்? முதலில் கூட்டல் கணக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு 575 வாட் இழுக்கும். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர் அதிகபட்சம் 162 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்குமாக ஒரு 80 வாட் போட்டுக்கொள்ளுங்கள். 817 ஆகிறது. என்விடியாவும் 1000 வாட் எஸ்எம்பிஎஸ்தான் கேட்கிறது. பிராசஸர் இன்டெல் கோர் ஐ9 14900கே என்றால் அது ஒன்றே 253 வாட் வரை போகும். அப்போது 1200 வாட் வாங்கிவிடுங்கள். கடைக்காரர் 1600 வாட்டை எடுத்து வைத்தால் தாராளமாக மறுக்கலாம்.

அடுத்து, பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார்டு இழுக்கும் மின்சாரம் ஒரே சீராக இருப்பதில்லை. மைக்ரோ விநாடிக் கணக்கில் திடீரென எகிறி இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துக்கொள்ளும். கேம் நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்கியாக வேண்டும். 3.1 அதற்கு அடுத்த பதிப்பு.

உண்மையான தலைவலி, கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கனெக்டரில் இருக்கிறது. பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட்டை மூன்று 12 வோல்ட் ஒயர்கள் சுமந்தன. ஒரு பின்னுக்குச் சுமார் 4 ஆம்பியர். புதிய 16 பின் கனெக்டரில் 600 வாட், அதாவது 50 ஆம்பியர், ஆறு 12 வோல்ட் பின்கள் வழியாகப் போகிறது. ஒரு பின்னுக்கு 8.3 ஆம்பியர், அந்தப் பின்னின் தாங்கும் திறனோ 9.5தான். ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கை மற்றவை சுமக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். 2022-இல் முந்தைய தலைமுறை 4090 கார்டுகளில் இதுதான் செய்தியானது. பிறகு வந்த 12வி-2x6 என்ற திருத்திய கனெக்டர் வடிவத்தில், இணைப்பை உணரும் சிறு பின்களைக் (சென்ஸ் பின்) குட்டையாக்கினார்கள். பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் அவை தொடாது, கார்டுக்கு முழு மின்சாரம் கிடைக்காது. நல்ல திருத்தம். ஆனாலும் 2025-இல் 5090-இலும் உருகிய கனெக்டர்கள் வெளியே வந்தன.

ஆகவே 16 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்தே வரும் மாடலாக வாங்குங்கள். கார்டு பெட்டியில் வரும் நான்கு தலை அடாப்டரைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், ஒவ்வொரு தலைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். வேறு கம்பெனியின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைச் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; முனை பொருந்தினாலும் உள்ளிருக்கும் பொருள்கள் எரிந்துபோகலாம். பிளக்கை 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். அதன் வாயிலிருந்து சுமார் 35 மில்லிமீட்டர் வரை ஒயரை மடக்காதீர்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறதென்றால் கேபினெட்டையே மாற்றிவிடலாம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். தரத்துக்கு அவை சான்றல்ல. கோல்டு போதும். உத்தரவாதம் 10 ஆண்டு இருந்தால் தயாரிப்பாளருக்கே அதன் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். 1000 வாட்டுக்கு 83 பக்கம் இருக்க வேண்டும்.

கடைசியாக யுபிஎஸ். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும். விஏவை விட்டுவிட்டு வாட்டைப் பாருங்கள், 1000-க்கு மேல் இருக்கட்டும். ப்யூர் சைன் வேவ் என்றும் கேட்டு வாங்குங்கள், மலிவான யுபிஎஸ்களின் படிக்கட்டு அலையோடு சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை. யுபிஎஸ்ஸை எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.