கைப்பேசியின் பிணியும் மருந்தும்

இரவில் நலமாக இருந்த கைப்பேசி காலையில் கண்விழிக்க மறுப்பதுண்டு. அது கீழே விழவில்லை, நீரில் நனையவில்லை, பிள்ளைகள் எவரும் தொடவுமில்லை. புதிய மென்பொருளை ஏற்றுக்கொள்ளலாமா என்று முந்தைய இரவில் அது கேட்டது, உடையவர் இசைந்தார், நிகழ்ந்தது அவ்வளவே. காலையில் எடுத்துப் பார்த்தால் திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது, மறைகிறது, மீண்டும் தோன்றுகிறது. கைப்பேசி வெறும் பேசுகருவியாக இருந்த நாளில் இதனால் பெரிய இழப்பு நேர்ந்திராது. இன்றோ குழந்தையின் முதல் நடையும், மறைந்த தாயின் குரலும், நிலப்பத்திரத்தின் படியும், வங்கிக் கணக்கைத் திறக்கும் வழியும் அதனுள்ளேயே இருக்கின்றன. கருவிக்கு விலை உண்டு; உள்ளிருப்பவற்றுள் சிலவற்றுக்கு விலையே இல்லை. ஆதலின், இப்பிணியைத் தீர்க்கப் புகுவோர், தாம் காக்க வேண்டியது கருவியையா, உள்ளிருப்பதையா என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

கைப்பேசியின் உறுப்புகளை எல்லாம் இயக்கி வைப்பது இயங்குதளம் என்னும் மென்பொருளாகும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களில் ஐஓஎஸ் என்பதும், ஏனைய கைப்பேசிகளிற் பெரும்பாலானவற்றில் கூகுள் நிறுவனத்தார் ஆக்கிய ஆண்ட்ராய்டு என்பதும் இயங்குதளங்களாம். குறை கண்ட இடத்தை மட்டும் திருத்தி அனுப்புவது சிறு புதுப்பிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை என்னும் அளவில் அமைப்பையே மாற்றி அனுப்புவது பெரும் புதுப்பிப்பு. இதன்கண் வீட்டின் தூணும் சுவரும் மாற்றப்படுகின்றன. வீட்டிலுள்ள பண்டங்களோ வெளியே எடுத்து வைக்கப்படுவதில்லை. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கட்டுவது எளிய தொழிலன்று என்பதைக் கொத்தனார் எவரும் கூறுவர்.

முன்னாளில் ஏடு பெயர்த்தெழுதியோர் பழஞ்சுவடியை அருகில் வைத்துக்கொண்டே புதிய சுவடியை எழுதினர்; இரண்டையும் ஒப்புநோக்கிப் பிழை களைந்தனர். கைப்பேசி செய்வோரும் இதனை ஒத்த முறை ஒன்றைக் கைக்கொண்டுள்ளனர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதலாக, இயங்குதளத்தை வைப்பதற்கு இரண்டு அறைகளை அமைக்கும் வழி ஏற்பட்டது. ஓர் அறையிலுள்ள மென்பொருளைக் கொண்டு கைப்பேசி இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே, மற்றோர் அறையில் புதியது எழுதப்படுகிறது. அடுத்த முறை தொடங்குங்கால் புதிய அறையிலிருந்து எழ முயலும். இயலாவிடின் பழைய அறைக்குத் திரும்பிவிடும். அறிவு சான்ற ஏற்பாடே இது. ஆயினும் இவ்விரட்டை அறை இயங்குதளத்துக்கு மட்டுமே உரியது. நிழற்படங்களும் கடிதங்களும் இருக்கும் அறை ஒன்றே ஒன்று. அதற்கு மறுபடி இல்லை. புதிய இயங்குதளம் நன்றாக எழுந்து நின்ற பின்னர், அவ்வொற்றை அறையைக் கையாள்வதில் தடுமாறினால், இரட்டை அறையால் மட்டும் துணை கிடைத்துவிடாது.

புதுப்பித்த பின்னர்த் தோன்றும் குறைகள் யாவும் கொடும்பிணிகள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கருவி சூடேறுதலும், மின்கலம் விரைவில் வற்றுதலும், செயலிகள் மெல்லத் திறத்தலும் முதல் இரண்டொரு நாள்களில் இயல்பே. புதிய தளத்துக்கு ஏற்பச் செயலிகளை மீண்டும் பக்குவப்படுத்துதல், உள்ளிருக்கும் படங்களைப் புதிதாக வகைப்படுத்துதல் முதலிய வேலைகளைக் கைப்பேசி திரைமறைவில் செய்துகொண்டிருக்கும். அதனை மின்னூட்டத்தில் வைத்துவிட்டுப் பொறுத்திருத்தல் சாலும். பொறுத்தும் தீராவிடின் ஒருமுறை அணைத்து எழுப்புதல், செயலிகளையும் புதுப்பித்தல், சேமிப்பிடம் நிரம்பியிருப்பின் சிறிது ஒழித்தல் ஆகியவை போதும். ஒரு குறிப்பிட்ட செயலி மட்டும் இடர் செய்யுமாயின், அமைப்புகள் பகுதியில் அதன் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கக் காணலாம். தற்காலிகச் சேமிப்பை அழிப்பது ஒன்று. செயலியின் தரவு முழுவதையும் அழிப்பது மற்றொன்று. முன்னையது அடுக்களையில் குப்பை கூட்டுவது போன்றது. பின்னையது பானையையும் சேர்த்து வீசுவது போன்றது. இரண்டும் அண்மையில் இருப்பதால் அவசரக்காரர் விரல் தவறுவது இயல்பு.

கைப்பேசி தானே அணைந்து அணைந்து எழுமாயின், பாதுகாப்புப் பயன்முறை என்னும் வழியில் அதனைத் தொடங்கிப் பார்த்தல் நன்று. அந்நிலையில், உடன்வந்த செயலிகள் மட்டுமே இயங்கும். உடையவர் பின்னர் நிறுவியவை உறங்கும். அப்பொழுது பிணி நீங்கிக் காணப்பட்டால், குற்றம் நிறுவியவற்றுள் ஒன்றன்பாலது என்று துணியலாம். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடித்தல் முறை. ஆயின், நீக்கப்படும் செயலி தன்னுள்ளே எதனையேனும் வைத்திருக்கின்றதா என்று அறிந்த பின்னரே நீக்க வேண்டும். செயலி போகும்போது அதன் உள்ளறையும் உடன் போய்விடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. கைப்பேசி மருத்துவத்தில் காரணம் நாடுவோர் முதலில் வினவ வேண்டிய வினா ஒன்று உண்டு: இப்பிணி இக்கைப்பேசிக்கு மட்டும் உரியதா, அன்றி, இவ்வகைக் கைப்பேசிகள் பலவற்றுக்கும் ஒருங்கே வந்ததா என்பதே அது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தார் ஐஓஎஸ் 8.0.1 என்னும் புதுப்பிப்பை வெளியிட்டனர். அதனை ஏற்ற ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகிய கைப்பேசிகள் பலவற்றில் அலைவரிசைத் தொடர்பு அற்றது. விரல்ரேகையை அறியும் ஆற்றலும் கெட்டது. சிம் அட்டையை எத்தனை முறை கழற்றி மாட்டினும் அப்பிணி தீர்ந்திராது. குற்றம் அட்டையில் இல்லை. நிறுவனத்தார் அன்றே அப்புதுப்பிப்பைத் திரும்பப் பெற்று, மறுநாளே 8.0.2 என்னும் திருத்தத்தை வெளியிட்டனர். ஒருநாள் பொறுத்தவருக்குப் பிணி தானே நீங்கியது.

எல்லாப் பிணியும் ஒருநாளில் நீங்குவதன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கூகுள் நிறுவனத்தார் ஆண்ட்ராய்டு 14 என்னும் பெரும் புதுப்பிப்பை வெளியிட்டனர். அதனை ஏற்ற அந்நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசிகளுள் சிலவற்றில் விந்தையானதோர் இடர் தோன்றியது. சிலவற்றில் கைப்பேசி எழுந்தது. ஆனால் தன்னுள்ளே இருக்கும் படங்களைத் தானே காண இயலாமற் போயிற்று. சாவி தொலைத்தவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பது போன்ற நிலை அது. வேறு சிலவற்றில் கைப்பேசி எழவே இல்லை; சின்னம் தோன்றித் தோன்றி மறைந்தது.

காரணம் நாடியபொழுது ஒரு பொதுத்தன்மை புலப்பட்டது. ஆண்ட்ராய்டில் ஒரே கைப்பேசியைப் பலர் தனித்தனிப் பயனராக இருந்து பயன்படுத்த இடமுண்டு. பிள்ளைகளுக்கென ஒரு பயனர், விருந்தினருக்கென ஒரு பயனர் என்றவாறு அமைத்துக்கொள்ளலாம். பிக்சல் 6 முதலான கைப்பேசிகளில் இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட பயனரை அமைத்திருந்தோரையே இப்பிணி பற்றியது. ஒரே பயனர் இரண்டு கூகுள் கணக்குகளை வைத்திருந்ததனால் இது வரவில்லை. பிள்ளை தம் கடிதங்களைக் கலைத்துவிடக் கூடாதென்று முன்னெச்சரிக்கையாகத் தனிப் பயனர் அமைத்தவரும் இதில் அகப்பட்டார் என்பது எண்ணத்தக்கது. குற்றம் அவருடையது அன்று.

எழ இயலாத கைப்பேசிகளின் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. தரவு சிதைந்திருக்கக் கூடும் என்று கூறி, அஃது இரண்டு வழிகளைக் காட்டியது. மீண்டும் முயல்க என்பது ஒன்று. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க என்பது மற்றொன்று. மீட்டமைத்தல் என்னும் சொல் கேட்க இனிதாக உள்ளது. இழந்ததை மீட்டுத் தருவது போன்ற தோற்றத்தை அது தருகிறது. மீட்கப்படுவது கருவி, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த வெறுமை மட்டுமே. இடையில் உடையவர் சேர்த்த அனைத்தும் அழியும். சொல்லின் பொருளை ஆராயாமல் பொத்தானை அழுத்தியவர் கைப்பேசியைப் பெற்றார், படங்களை இழந்தார்.

கூகுள் நிறுவனத்தார் அம்மாத இறுதியில், மீட்டமைக்குமாறு கேட்கும் அவ்வறிவிப்புக்கு இசைய வேண்டா என்றும், இசைந்தால் தரவு அழியும் என்றும் கூறினர். கருவியே கேட்கிறது, கருவியைச் செய்தவரோ அதற்கு இணங்காதே என்கின்றனர்! நவம்பர் மாதத்தில் வந்த திருத்தம், எழக்கூடிய நிலையில் இருந்த கைப்பேசிகள் சிலவற்றில் பூட்டியிருந்த படங்களை மீண்டும் காணச் செய்தது. ஒரு மாத காலம் எதுவும் செய்யாமல் இருந்தவர் பெற்றதை, முதல் நாளே துணிந்து செயல்பட்டவர் பெற இயலவில்லை. எழாதவற்றுக்கு அத்தகைய எளிய வழி அப்பொழுது கிடைக்கவில்லை. தரவில் ஒரு பகுதியையேனும் மீட்கும் வழியை ஆராய்வதாக நிறுவனத்தார் அறிவித்தனர்.

அழிந்ததைப் பின்னர் வல்லுநர் எவரேனும் மீட்டுத் தர இயலாதோ என்று சிலர் கருதலாம். பழங்காலக் கணிப்பொறிகளில் அழித்த கோப்புகள் சிற்சில வேளைகளில் மீட்கப்பட்டமையால் எழுந்த எண்ணம் அது. இக்காலக் கைப்பேசியிலோ ஒவ்வொரு கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்டே வைக்கப்படுகிறது. அம்மறைப்பை நீக்கும் திறவுகோல் அக்கருவியினுள்ளேயே, அதற்கென அமைந்த இடத்தின் காவலில் இருக்கிறது. மீட்டமைக்குங்கால் முதலில் அழிவது அத்திறவுகோலே. அதன் பின்னர் எஞ்சியிருப்பது யாரும் படிக்க இயலாத எழுத்துக் குவியல். கள்வன் கையிற் கைப்பேசி அகப்பட்டாலும் நம் கடிதங்களை அவன் படித்துவிடாதபடி காப்பதும் இதே ஏற்பாடுதான். ஆதலின் இதனைக் குறைகூறுவது பொருந்தாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்ட செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். சிதைந்த ஏட்டில் ஒரு பகுதியையேனும் படிக்கலாம். சாம்பலில் எதனைப் படிப்பது?

ஆகவே கைப்பேசி எழாத காலையில் செய்யத்தக்கவை யாவை? முதலில் அரை மணி நேரமேனும் மின்னூட்டத்தில் இட்டு, பின்னர்க் கட்டாயமாக அணைத்து எழுப்புதல் வேண்டும். பிக்சல் முதலியவற்றில் அணைப்பு விசையை அரை நிமிடம் அளவு விடாமல் அழுத்தியிருந்தால் அது நிகழும். இரு வழி காட்டும் அறிவிப்பு வந்தால், மீண்டும் முயல்க என்பதையே, ஒருமுறை அன்று, பலமுறையும் தெரிவு செய்யலாம். இடையில் ஒருமுறை எழுந்துவிட்டால், அதனை அமைத்துத் திருத்தும் ஆசையை விட்டுவிட்டு, உடனே கணிப்பொறியோடு இணைத்துப் படங்களையும் ஏனைய கோப்புகளையும் படியெடுத்தலே முதற்கடமை. மீண்டும் எழுமென்பதற்கு உறுதியில்லை.

எழவே எழாவிடின் கணிப்பொறியின் துணையால் இயங்குதளத்தை மட்டும் மீண்டும் ஏற்றும் வழி சில கைப்பேசிகளில் உண்டு. ஐபோனைக் கணிப்பொறியோடு மீட்பு நிலையில் இணைத்தால், புதுப்பிக்க, மீட்டமைக்க என்னும் இரு சொற்கள் தோன்றும். முன்னது தரவை அழிக்காமல் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முயல்வது. பின்னது அனைத்தையும் துடைப்பது. பிக்சலிலும் முழுப் புதுப்பிப்புக் கோப்பைக் கணிப்பொறி வழியாக ஏற்றினால் தரவு அழிவதில்லை. தொழிற்சாலைக் கோப்பை ஏற்றுவதோ பொதுவாக அழிவில் முடிவது. பெயர்கள் ஒத்திருப்பதால், இவ்வேலை பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

பழுதுபார்க்குமிடத்தில் கொடுப்பதாயின், உள்ளிருப்பவை வேண்டும் என்பதையும், கேளாமல் அழிக்கக் கூடாது என்பதையும் வாயால் மட்டுமன்றி எழுத்தாலும் கூறிவிட வேண்டும். பழுதுபார்ப்போர்க்கு மீட்டமைத்தல் எளிது; கருவி எழுந்தால் அவர் பணி முடிந்தது. தரவுக்குத் தாம் பொறுப்பில்லை என்று அச்சிட்ட தாளில் ஒப்பம் பெறுவதும் பலவிடத்து வழக்கம். அத்தாளைப் படித்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும்.

இத்தனை இடரும் கேட்டவர், புதுப்பிப்பே வேண்டா என்று முடிவு செய்தலும் தவறாகும். புறத்தாக்குதலுக்கு இடமாகும் ஓட்டைகளை அடைப்பவை அவையே. சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தாழ்த்தாமல் ஏற்றல் வேண்டும். பெரும் புதுப்பிப்பை மட்டும் இரண்டொரு வாரம் பொறுத்து, பிறர்க்கு நேர்ந்தவற்றை அறிந்து ஏற்பதில் இழுக்கில்லை. எதற்கும் முன்னதாகப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. கைப்பேசியும் இணையச் சேமிப்பும் ஒன்றற்கொன்று ஒத்திருக்குமாறு அமைத்துவிட்டு, அதனையே மறுபடி என்று நம்பியிருப்போர் பலர். அவ்வாறான அமைப்பில், ஓரிடத்தில் அழித்தது மற்றோரிடத்திலும் அழியக்கூடும். தனியே ஒரு கணிப்பொறியிலோ வட்டிலோ இட்ட படியே நம்பத்தக்கது. அப்படியிலும் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பார்த்த பின்னரே படியெடுத்ததாகக் கொள்ளல் தகும்.

உள்ளிருந்தவை எல்லாம் வெளியே வந்து சேர்ந்துவிட்டன என்று உறுதிப்பட்ட பின்னர், மீட்டமைத்தலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை; பல பிணிகளுக்கு அப்பொழுது அதுவே நல்ல மருந்து. அதற்கு முன்பு, அக்கைப்பேசியில் இருந்த கூகுள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும். திரை எழாத நிலையில் மீட்டமைக்கப்பட்ட ஆண்ட்ராய்டுக் கைப்பேசி, கள்வர்க்குப் பயன்படாதிருத்தற்பொருட்டு, பழைய உடைமையாளரின் அடையாளத்தைக் கேட்கும். கடவுச்சொல்லை மறந்த உடைமையாளரையும் அது கள்வர் போலவே வாயிலில் நிறுத்திவிடும்.