நிறைய வலைப்பதிவுகள் படிப்பவருக்கு

மைசூரு போன்ற ஊரில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மும்மொழியிலும் வலைப்பதிவு படிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்ப்பதைவிட ஒரு ஃபீட் ரீடர் வைத்துக்கொள்வது நல்லது. புதுப் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் சேர்த்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் (OPML) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதுதான். கூகுளின் ஃபீட் ரீடரான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டபோது, அந்தக் கோப்பை எடுத்து வைத்திருந்தவர்களால் அன்றே வேறு செயலிக்கு மாற முடிந்தது.

போனிலும் கணினியிலும் மாறி மாறிப் படிப்பவருக்கு ஃபீட்லி, இனோரீடர் பொருந்தும். படித்தது, படிக்காதது இரண்டிலும் ஒன்றுபோல் தெரியும். இலவசக் கணக்கில் எத்தனை தளங்கள் சேர்க்கலாம் என்ற வரம்பை முன்பே பாருங்கள். கணக்கே வேண்டாம் என்றால் ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்டு. மூன்றும் இலவசம்.

ரீடரில் சேர்க்க நினைக்கும் தளத்தில் ஃபீட் பொத்தானைக் காணவில்லையா? வேர்ட்பிரஸ் தளமானால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு, ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள்; பெரும்பாலும் கிடைத்துவிடும். ரீடரில் மொழிவாரியாகக் கோப்புறை பிரியுங்கள். தினமும் எழுதுபவர்களைத் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை எழுதும் நல்ல பதிவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போவார்.

இன்றைக்கே பத்துத் தளங்களோடு தொடங்குங்கள். ஓபிஎம்எல் கோப்பை மாதம் ஒருமுறை சேமிக்க மறக்காதீர்கள்.