"சாப்பிட்டாச்சா?" என்பதே கடினமான கேள்வியானால்

காஜாங் என்றதும் சாத்தேதான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் நலம் விசாரிப்பதே சாப்பாட்டை வைத்துத்தான். நாம் "சாப்பிட்டாச்சா?" என்கிறோம்; மலாய் நண்பர் "சுடா மாக்கான்?" என்கிறார். அன்பான கேள்விதான். ஆனால், உங்கள் வகுப்பில் ஒருவருக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான கேள்வி அதுவாக இருக்கலாம். ஓய்வு மணி அடித்தும் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே வராத அந்த ஒருவரைப் பற்றியதுதான் இந்த வாரப் பாடம்.

உண்ணுதல் கோளாறு என்பது நோய். பிடிவாதமோ அழகு மோகமோ அல்ல. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பது அனோரெக்சியா. அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அதற்காக உடலை வருத்துவது புலிமியா. ஆண்பிள்ளைகளுக்கும் வரும். ஒல்லியாகத் தெரியாதவருக்கும் வரும்.

மருத்துவர்களின் சொல்லாக இருந்த அனோரெக்சியாவைப் பொதுமக்களுக்கும் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர், அமெரிக்க உளச்சிகிச்சையாளர் ஸ்டீவன் லெவென்கிரோன். 1978-இல் அவர் எழுதிய நாவலின் தலைப்பு 'தி பெஸ்ட் லிட்டில் கேர்ள் இன் தி வோர்ல்ட்'. உலகிலேயே நல்ல பெண்! நன்றாகப் படிக்கிற, யாருக்கும் தொல்லை தராத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "உனக்கு என்ன கஷ்டம்?" என்று யார் கேட்கப் போகிறார்கள்? 1998-இல் அவர், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்களைப் பற்றி 'கட்டிங்' என்ற நூலை எழுதினார். இந்த இரண்டு துன்பங்களும் ஒரே நபரிடம் சேர்ந்து காணப்படுவதும் உண்டு. சொல்லாக மாறாத வேதனை உடலின்மேல் இறங்குகிறது எனலாம்.

லெவென்கிரோனிடம் 1982-இல் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் புகழ்பெற்ற பாடகி கேரன் கார்ப்பென்டர். 1983 பிப்ரவரி 4-ஆம் நாள், 32 வயதில், இதயம் செயலிழந்து அவர் இறந்தார். உணவுக் கோளாறுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? இதயமும் தசைதான். போதிய உணவு கிடைக்காத உடல், தன் தசைகளையே கரைத்து ஆற்றல் எடுக்கிறது. இதயத் தசையும் அதற்குத் தப்பாது. இதயத் துடிப்பு மின் துடிப்புகளால் நடக்கிறது. அதற்குப் பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் சரியான அளவில் வேண்டும். அந்த அளவு குலைந்தால் துடிப்பின் தாளமே குலையும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

"சாப்பிட்டால் சரியாகிவிடுமே, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்?" வீட்டில் எல்லாரும் கேட்பது இது. விடை 1944-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆய்வில் இருக்கிறது. போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிய, ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண் தன்னார்வலர்களுக்கு 24 வாரங்கள் குறைந்த உணவே கொடுத்தார். உடலும் மனமும் நலமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். வாரங்கள் செல்லச் செல்ல அவர்கள் மாறினார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தனை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினர். எரிச்சல், சோர்வு, நண்பர்களை விட்டு விலகல், எப்போதும் குளிர். அதாவது, பட்டினியே மனத்தை மாற்றிவிடுகிறது. தொடங்கியது எதனால் என்றாலும், பிறகு பட்டினி கிடக்கும் மூளைதான் முடிவெடுக்கிறது. அதனிடம் "மனசு வைத்தால் முடியும்" என்பது, காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறைத்துக்கொள் என்பதுபோலத்தான்.

(இக்கட்டுரையில் எடை, கலோரிக் கணக்கு எதுவும் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இந்நோய் உள்ளவர்களுக்கு எண்கள் போட்டியாகிவிடும்.)

தம்மைக் காயப்படுத்திக்கொள்பவரை "கவனம் ஈர்க்கிறார்" என்பார்கள். பெரும்பாலோர் அதை மறைக்கிறார்கள் என்பதே உண்மை. தாங்க முடியாத உணர்ச்சியை அந்த நேரத்துக்கு அடக்கும் முயற்சி அது. பிரச்சினை அப்படியே இருப்பதால் வேதனை திரும்பி வரும். பேச்சு எப்படி உதவும்? 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி மூளையை ஆராய்ந்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. உளச்சிகிச்சை என்றால் வெறும் பேச்சுதானே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இது மேல்நாட்டு நோய் என்று ஒதுக்கவும் முடியாது. 1990-களிலேயே சென்னையில் மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே உணவு தொடர்பான மன உளைச்சலை ஆராய்ந்து, நம்மவர்களுக்கென்று தனிக் கேள்வித்தாளையே உருவாக்கினார்கள்.

உங்கள் தோழிக்கு இப்படி என்று தோன்றினால் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். தீபாவளித் திறந்த இல்லத்தில் அத்தை சொல்லும் "நல்லா மெலிஞ்சிட்டியே!" என்ற பாராட்டும் நோய்க்குத் தீனிதான். "கொஞ்ச நாளா நீ எங்களோட உட்காரறதில்ல, கவலையா இருக்கு" என்று, கண்டதை மட்டும் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ நம்பிக்கையான பெரியவரிடமோ சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

மருத்துவர், உணவியல் நிபுணர், உளச்சிகிச்சையாளர் சேர்ந்து இதைக் குணப்படுத்த முடியும். பதின்ம வயதினருக்குப் பெற்றோரையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறை 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. குற்றம் சொல்லாமல், ஒவ்வொரு வேளையும் பிள்ளையோடு மேசையில் அமர்ந்து சாப்பிட வைப்பதுதான் அங்கே பெற்றோரின் வேலை.

அந்த ஒருவர் நீங்களே என்றால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் தொலைபேசியை எடுப்பார்கள்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999.