கூடுதல் வருமானமும் ஞாயிற்றுக்கிழமையும்: பீங்கான் ஊரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு

தம்பி மகனுக்குப் பெரியப்பா எழுதும் மடல்.

விருத்தாசலத்திலுள்ள அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பட்டயப் படிப்பு முடித்து, அதே ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் முதல் வேலைக்குச் சேர்ந்துள்ள பிள்ளை இரண்டு கேள்விகள் கேட்டிருந்தது. சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விடுவதால் நேர்மையாகக் கூடுதல் பணம் ஈட்ட வழி உண்டா என்பது ஒன்று. நண்பர்களோடு அவ்வப்போது வெளியூர் சென்றுவர ஆசைப்படுவது ஊதாரித்தனமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் விடை பிழையாகிவிடும். கூடுதல் வருமானம் என்பது கைக்குத் தெரிந்த தொழிலிலிருந்து வருவதாகவும், முதலாளியிடமும் வாங்குவோரிடமும் மறைக்க வேண்டாததாகவும், நண்பர்களுக்கு உரிய நாளை விழுங்கிவிடாத அளவினதாகவும் இருக்க வேண்டும் என்பதே பெரியப்பாவின் முடிவு.

தொழிலைப் பொறுத்தவரை பிள்ளை நல்ல ஊரில்தான் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் மேல்மண் அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் கிடைத்ததால், அதைச் சுற்றியுள்ள பகுதியில் இத்தொழில் வேர்விட்டது. வடலூரில் நெய்சர் என்ற பெயரில் கழிப்பறைப் பீங்கான் ஆலை எழுந்ததும், விருத்தாசலத்தில் அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் பிடிப்பான் முதலியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் பெருகியதும் இவ்வாறே. சென்னை–திருச்சி தடத்திலிருந்து சேலத்துக்கும் கடலூர்த் துறைமுகத்துக்கும் பாதைகள் பிரியும் ரயில் சந்திப்பாகவும் ஊர் அமைந்திருப்பதால், சரக்கு அனுப்பவும் சுற்றிப் பார்க்கப் புறப்படவும் அது ஒருசேர வசதியானது.

முதலில் செய்யத் தகுந்தது சிறு பொருள்தான். அகல் விளக்கு, ஊதுவத்திச் செருகி, சிறு பூந்தொட்டி ஆகியவற்றை அச்சு வார்ப்பு முறையில் செய்யலாம். களிமண்ணையும், சூட்டில் உருகி மண்ணைப் பிணைக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தையும், வெண்கல்லாகிய குவார்ட்ஸின் தூளையும் நீரில் அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் மண் படிந்து உருவம் நிற்கிறது; அதை உலர்த்தி ஒருமுறை சுடுவது பட்டறை வழக்கில் பிஸ்கட் எனப்படும்; பின்னர் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சில் தோய்த்து மறுபடியும் சுடுவார்கள். இது பிள்ளைக்குத் தெரிந்த பாடமே. பாடத்தில் அழுத்தமாகச் சொல்லப்படாதது காலக்கணக்கு. கொலுவுக்குப் புரட்டாசியிலும் தீபத்துக்குக் கார்த்திகையிலும் வாங்குவோர் தேடி வருகிறார்கள். ஆனால் கடலூர் மாவட்டத்துக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்வதால், அந்நேரத்தில் வார்த்தவை உலராமல் கிடந்து, ஈரத்தோடு சூளைக்குள் சென்றால் வெடித்துவிடும். ஆகவே பங்குனி தொடங்கி ஆடிக்குள் வார்த்து, பிஸ்கட் வரையாவது சுட்டு அடுக்கிவிட வேண்டும். வெயில் காலத்து உழைப்பு மழைக்காலத்து வருமானமாகும் தொழில் இது என்பதால், இடைப்பட்ட மாதங்களில் கையில் பணம் புரளாது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விலை வைப்பதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால் சில விரிசல் விடும், சில கோணும், சில சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, ஒரு விளக்குக்கு மண்ணும் சூடும் பூச்சுமாக 3 ரூபாய் வீதம் 100 விளக்குக்கு 300 ரூபாய் செலவாகி, அவற்றுள் 80 மட்டும் நல்லனவாகத் தேறினால், ஒன்றின் அடக்கவிலை 3 ரூபாய் 75 காசாகும். அதன்மேல் பிள்ளையின் சொந்த உழைப்புக்குக் கூலியையும், பொதி கட்டும் வைக்கோலுக்கும் அட்டைப்பெட்டிக்குமான செலவையும் ஏற்றிய பிறகே இலாபம் என்ற சொல் நாவில் வரலாம். தன் உழைப்புக்குக் கூலி போடாமல் மலிவாக விற்பவர் தம்மை மட்டும் ஏமாற்றிக்கொள்வதில்லை. அதே பேட்டையில் அகல் விளக்கையே நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களின் விலையையும் கீழே தள்ளிவிடுகிறார். சம்பளம் பெறும் ஒருவர் பொழுது போன நேரத்தில் செய்யும் பொருளால் பிறர் அடுப்பு அணையக்கூடாது என்பதில் பிள்ளை மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது முதலாளியோடு உள்ள நேர்மை. பட்டறையின் அச்சைப் பிரதி எடுத்து வீட்டில் வார்ப்பது, பூச்சுக்கான சேர்மானக் கணக்கை வெளியே கொண்டுபோவது, சூளையில் இடம் மிஞ்சியிருக்கிறது என்று சொந்தப் பொருளைச் சொல்லாமல் செருகுவது ஆகிய மூன்றும், ஊரில் எவ்வளவு வழக்கமாக இருந்தாலும், திருட்டே. வேலை நேரத்துக்குப் பின் சொந்தமாக விளக்கு செய்யப் போவதை முதலிலேயே சொல்லி, வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட நிபந்தனையில் அதற்குத் தடை உண்டா என்று பார்த்து, சூளையில் அடைக்கும் இடத்துக்கு வாடகை பேசிக் கொடுத்துவிட வேண்டும். வெளியே அலைவதற்கு முன், உரிய இடத்திலேயே கிடைக்கக்கூடிய கூடுதல் பணத்தையும் மறக்கலாகாது: மிகைநேர வேலைக்கு வழக்கமான கூலியைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலம் முதல் இந்நாட்டில் நிலைபெற்ற விதி; அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாங்குவோரோடு உள்ள நேர்மைக்கு, திருமுதுகுன்றம் எனப் பழைய பெயர் கொண்ட இவ்வூரே ஒரு மரபுக் கதையை வைத்திருக்கிறது. சுந்தரர் இத்தலத்து இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் வழக்குக்கு இக்கதையைக் காட்டுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் கவனியாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து மச்சம், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டு, வெட்டி எடுத்துவைத்துக்கொண்டு, குளத்தில் கிடைத்ததை அதனோடு உரைத்துப் பார்த்தார் அவர். அந்த உரைப்பின் நினைவாகத் திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கடவுள் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வெட்டினார்கள் என்றால், கடையில் வாங்கிய பூச்சுத் தூளுக்கு ஏன் வெட்டக்கூடாது? ஒவ்வொரு சூளையோடும் ஒரு சோதனைத் துண்டைச் சுட்டு, அதன் முதுகில் தேதியையும் சேர்மானத்தையும் எழுதி வைத்தால், வாங்கியவர் குறை சொல்லி வரும்போது என்ன நடந்தது என்று காட்ட முடியும்.

இது வெறும் பெயர் காக்கும் செய்தி அன்று. குறைந்த சூட்டில் பளபளப்பு வருவதற்காக ஈயம் கலந்த பூச்சு உலகெங்கும் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அத்தகைய பூச்சுள்ள கிண்ணத்தில் புளிக்குழம்போ எலுமிச்சைச் சாறோ மோரோ நின்றால், புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கிறது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. விளக்குக்கென்று வாங்கிய பூச்சைத் தேநீர்க் கோப்பைக்கு எடுக்கலாகாது. உணவுக்கு ஏற்றது என்று விற்பவர் எழுதிக் கொடுக்காத பூச்சை உணவுக் கலத்தில் தீட்டவே கூடாது. அழகுக்கு மட்டும் என்று பொருளின் அடியில் எழுதினால் விற்பனை சற்றுக் குறையலாம், குறையட்டும்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸின் நுண்தூளை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பவர்களின் நுரையீரல் தழும்பேறி இறுகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பகலில் பட்டறையில் ஏற்கெனவே தூசியில் நிற்கும் உடம்பை மாலையில் வீட்டுக் கொட்டகையிலும் நிறுத்துவது இரட்டைச் சுமை. தூளாகக் கலக்காமல் ஈரக் கூழாகவே வாங்குவதும், தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பதும், துண்டைக் கட்டிக்கொள்வதோடு நில்லாமல் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிவதும் பிள்ளை தன் தாய்க்குச் செய்யும் கடமைகள்.

எளிதில் பணம் தருவதாக வரும் அழைப்புகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம் வெளிப்பட்ட ஈமு கோழி மோசடியில் ஏமாந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கட்டிய குடும்பத்தார். இன்று அதே தூண்டில், கைப்பேசியில் விடுதிகளுக்கு மதிப்பெண் இட்டால் நாளுக்கு இவ்வளவு என்று வருகிறது. முதலில் சிறு தொகை தந்து, பிறகு முன்பணம் கேட்கும் எந்த வேலையும் வேலை அன்று. தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த மணிநேரத்திலேயே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். சொந்தத் தொழிலுக்கோ, 2020 ஜூலையில் தொடங்கிய, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்யக்கூடியது. அதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டியதில்லை. பொருள் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்றாலும், வரவு செலவு நோட்டு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இனிப் பயணம். ஆறு நாள் மண்ணோடும் சூட்டோடும் நின்றவர் ஏழாம் நாள் நண்பரோடு வெளியே கிளம்புவது ஊதாரித்தனம் ஆகாது. கடன் வாங்கிக் கிளம்புவதுதான் ஊதாரித்தனம். விளக்கு விற்ற இலாபத்தில் ஒரு பங்கைப் பயணத்துக்கென்று தனியே வைத்துவிட்டால், சம்பளத்தில் கை வைக்கும் நிலை வாராது. கூட்டத்தில் மிகக் குறைந்த வருமானம் உள்ள நண்பர் யாரோ, அவரால் இயலும் அளவே எல்லாருக்குமான அளவாக வேண்டும். அவர் பங்கை மற்றவர் தாங்குவதைவிட அவர் தாங்கும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது மேல், ஏனெனில் மூன்றாம் முறை அவரே ஏதோ ஒரு காரணம் சொல்லி வராமல் நின்றுவிடுவார். அத்தகைய இழப்பைப் பிற்பாடு எந்தப் பணமும் ஈடு செய்வதில்லை.

குறைந்த செலவில் போக இடமா இல்லை! கடலூர் செல்லும் ரயிலில் ஏறி வடலூரில் இறங்கினால், வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்து வருவோருக்குச் சோறு கிடைக்கிறது. உண்டவர் உண்டியலில் இயன்றதை இட்டுவிட்டு வருவது முறை. ஸ்ரீமுஷ்ணம் வழியாகக் காட்டுமன்னார்கோயிலை அடைந்து, முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரிக்கரையில் நடந்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் மாலையைக் கழிப்பது மற்றொரு நாளுக்கு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரம் பீங்கான்காரர் தவறாமல் காண வேண்டியது: ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோர மண்ணில் புதைந்த மரத்தின் இழைகளில் சிலிக்கா நுழைந்து அதைக் கல்லாக்கியது; சிலிக்கா என்பது பட்டறையில் குவார்ட்ஸ் என மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அதே பொருள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் படகில் போவதானால் மிதவைச் சட்டையைக் கழற்றக்கூடாது. எங்கே போவதானாலும் ஒரு பைக்கில் மூவர் ஏறக்கூடாது.

எனினும் முதல் பயணம் புதுச்சேரிக்கு அமைந்தால் நல்லது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் என்னும் பளபளப்பான செந்நிறக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. காலம் தெரிந்த அந்த ஓடுகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்ததால்தான் தென்னாட்டு மட்கலங்கள் சிலவற்றின் காலத்தையும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. உடைந்துபோனது என்று பட்டறையில் தூக்கி எறியப்படும் துண்டுகள் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சாட்சி சொல்லக்கூடியவை என்பதை இடத்திலேயே நின்று உணரலாம். அதே புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகிய இருவரும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, அச்சில்லாமல் கையாலேயே வனைந்து மிகுந்த சூட்டில் சுடும் கலங்களை இந்தியாவில் பரப்பிய பட்டறைகளுள் முன்னோடி. ஒரே விளக்கை ஆயிரக்கணக்கில் வார்க்கும் ஊரிலிருந்து போகும் பிள்ளைக்கு, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத கலங்களுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதும் அங்கே தெரியவரும். ஞாயிற்றுக்கிழமையில் பார்வையாளரை விடுவார்களா என்று முன்னதாகவே கேட்டறிந்து, இல்லையெனில் நண்பர்கள் எல்லாருமாகச் சொல்லிவைத்து ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். அதனால் இழக்கும் ஒரு நாள் சம்பளத்தை விளக்குக் கணக்கில் எழுதிக்கொள்வதில் பெரியப்பாவுக்கு மறுப்பில்லை.