கலோரிக் கணக்கும் ஏழாம் நாளும்

சென்ற சாதுர்மாச காலத்தில், எங்கள் ஊர் ஜினாலய மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் சுவாத்தியாய வகுப்பு முடிந்தபின், சென்னையில் கணினிப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். மருத்துவர் அறிவுரைப்படி அவர் எட்டுத் திங்களாக உணவைக் கலோரிக் கணக்கில் அளந்து உண்டு வருகிறார். முதல் நான்கு திங்களில் ஆறு கிலோ குறைந்தது. பின்னர் எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. "வாரத்தில் ஆறு நாள் கணக்குத் தவறுவதே இல்லை, ஐயா. ஞாயிறு மட்டும் 'சீட் டே'. அன்று கணக்குக் கிடையாது. இது விரத பங்கம் ஆகுமா?" என்றார். அருகிலிருந்த அவர்தம் அன்னையார், "திங்கட்கிழமை முழுதும் பட்டினி கிடக்கிறானே, அதையும் சேர்த்துச் சொல்லப்பா" என்றார்.

அன்று விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர் சில நூல்களைப் பார்த்தும், மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

'சீட்' என்னும் ஆங்கிலச் சொல் ஏமாற்றுதலைக் குறிப்பது. தேர்வில் பிறரைப் பார்த்து எழுதுவதற்கும் அச்சொல்லே வழங்குகிறது. உணவுக் கட்டுப்பாடு மேற்கொண்டவர் வாரத்தில் ஒரு நாள் அதனை விலக்கி வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணும் நாளுக்கு இது பெயராகிவிட்டது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்து அமெரிக்காவில் பெரிதும் விற்பனையான பில் ஃபிலிப்ஸின் 'பாடி ஃபார் லைஃப்' என்னும் நூலும் வாரத்தில் ஒரு நாளைக் கட்டற்ற நாளாக விட்டது; ஆனால் அதனை 'ஃப்ரீ டே' என்றே அழைத்தது. எனக்கு அப்பெயரே மேலாகத் தோன்றுகிறது. ஏமாற்று நாள் என்றால் யார் யாரை ஏமாற்றுகிறார் என்னும் வினா எழுமன்றோ? இக்கட்டுரையில் 'தளர்வு நாள்' என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் கணக்கைக் காண்போம். உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அளவே கலோரி. (நாம் பேச்சில் கலோரி என்பது அறிவியலார் கூறும் கிலோகலோரி.) மாவுப்பொருள் 1 கிராமுக்கு 4, புரதம் 1 கிராமுக்கு 4, கொழுப்பு 1 கிராமுக்கு 9 என்னும் வாய்பாடு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் செய்த சோதனைகளின் பயன். உடல் எடையைக் குறைக்க இவ்வெண்களைக் கூட்டி உண்ணும் முறையை 1918இல் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் தம் நூலால் மக்களிடையே பரப்பினார். நூறாண்டுக்கு மேலாகியும் முறை மாறவில்லை. அன்று தாளில் எழுதினர். இன்று கைப்பேசியில் பதிகின்றனர்.

நம் இளைஞருக்கு எடை கூடாமலும் குறையாமலும் இருக்க நாளொன்றுக்கு 2200 கலோரி வேண்டும் எனக் கொள்வோம். அவர் 1700 உண்கிறார். நாள்தோறும் 500 குறைவு. ஆறு நாளில் 3000. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்கு ஈடு என்பர். ஆகவே 3000 கலோரிக் குறைவு என்பது 400 கிராமுக்குச் சற்றுக் குறைந்த கொழுப்பு. இனி ஏழாம் நாள். அன்று அவர் 2200 உண்டால் அந்த 3000 அப்படியே நிற்கும். 3700 உண்டால் 1500 போய்விடும். பாதி வாரத்தின் உழைப்பு வீண். 5200 உண்டால் வாரம் முழுவதும் கணக்கில் சுழியம். ஒரே நாளில் இவ்வளவு உண்ண இயலுமா என்று ஐயுற வேண்டா. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரி. காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும், நண்பகலில் விருந்து, மாலையில் பூரியும் இனிப்பும், இடையே பனிக்கூழும் குளிர்பானமும் என்று ஒரு நாள் கழியுமானால் 3700 எளிதில் வந்துவிடும். 5000ஐ எட்டியவரும் உளர். கணக்கெழுதாத நாளில் எவ்வளவு உண்டோம் என்பது உண்டவருக்கே தெரியாது. எடை நின்றுபோன மருமம் இவ்வளவே.

அன்னையார் குறிப்பிட்ட திங்கட்கிழமைப் பட்டினிக்கும் ஒரு காரணம் உண்டு. திங்கள் காலை எடைக்கருவியில் ஏறினால் ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடியிருக்கும். இளைஞர் அதைக் கண்டு அஞ்சிவிடுகிறார். அஞ்ச வேண்டியதில்லை, அதில் பெரும்பகுதி நீர். மாவுப்பொருளை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது அதனோடு மும்மடங்கு நீரையும் சேர்த்தே வைக்கிறது. உப்பும் நீரைப் பிடித்து வைக்கும். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்புக் கூட வேண்டுமாயின், தேவைக்கு மேல் 7700 கலோரி உண்டிருக்க வேண்டும். அந்நீர் சில நாளில் தானே இறங்கிவிடும். அதற்காகத் திங்களன்று பட்டினி கிடப்பவர், செவ்வாய் மாலைக்குள் பெரும்பசிக்கு ஆளாகிறார்.

தளர்வு நாளை ஆதரிப்போர் ஒரு காரணம் சொல்வர். நாள்பட உணவைக் குறைத்தால் உடலின் எரிதிறன் மந்தமாகும். ஒரு நாள் நிறைய உண்டால் அது மீண்டும் மூளும் என்பர். இதில் பாதி உண்மை. எடை குறையக் குறைய உடல் தன் செலவைச் சுருக்குவது மெய். 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு, உணவைக் குறைக்கும்போது தாழ்ந்து, மிகுதியாக உண்ணும்போது உயர்வதும் மெய். ஆயின் ஒரு நாள் உயர்வு அடுத்து வரும் நாட்களிலேயே மறைந்துவிடும். அதனால் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலும் அற்பம். கலப்புணவைச் செரிக்க உடல் செலவிடுவது அவ்வுணவின் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஒரு ரூபாய் கடன் வாங்கிப் பத்துப் பைசா அடைத்ததைப் பெருமையாகக் கூறுவது போன்றது இவ்வாதம்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவர். உடல் பருத்த ஆடவர் 51 பேரில் ஒரு சாரார் இடைவிடாது உணவைக் குறைத்தனர். மற்றொரு சாரார் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் நிறுத்தி, மாற்றி மாற்றி நடத்தினர். இடைவெளி விட்டவர்க்கே எடை மிகுதியாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிப்படுத்தவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அவ்விடைவெளியில் அவர்கள் மனம்போல் உண்ணவில்லை என்பதை நோக்குக. அவரவர்க்குத் தேவையான அளவு கணக்கிடப்பட்டு உணவு தரப்பட்டது. அது அளவுள்ள தளர்வு. நம் இளைஞரின் ஞாயிற்றுக்கிழமை அவ்வாறானதன்று.

இனி விரத பங்கமா என்னும் வினா. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்னகரண்டகத்தில் போகோபபோக பரிமாணத்தை விளக்குமிடத்து, வாழ்நாள் முழுதும் கொள்வதை யமம் என்றும், கால எல்லையோடு கொள்வதை நியமம் என்றும் பிரிக்கிறார். உணவு முதலியவற்றை இன்று, இப்பகல், இவ்விரவு, இப்பக்கம், இத்திங்கள் எனக் காலம் குறித்து வரையறுக்கலாம். எனவே ஆறு நாளுக்கென்று எல்லை வகுத்துக் கொண்டவர் ஏழாம் நாள் அவ்வெல்லைக்கு வெளியே நிற்பது பங்கம் ஆகாது. இளைஞர் தம்மை ஏமாற்றுக்காரர் என்று எண்ணி வருந்துவதற்கு இதில் இடமில்லை.

ஆயினும் அதே விரதத்துக்கு ஆசாரியர் கூறும் ஐந்து அதிசாரங்களைப் பார்க்கும்போது நான் சற்றே திடுக்கிட்டேன். (மருத்துவ நூலில் அதிசாரம் என்பது வயிற்றுப்போக்கு. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பின் இரண்டு பொருளும் பொருந்துவதுண்டு.) அவ்வைந்தனுள் ஒன்று அனுஸ்மிருதி: முன்பு நுகர்ந்ததை மீண்டும் மீண்டும் நினைத்தல். மற்றொன்று அதிதிருஷை: இனி நுகரப் போவதன்மேல் மிக்க வேட்கை. செவ்வாயும் புதனும் சென்ற ஞாயிறை நினைந்து, வியாழனும் வெள்ளியும் வரும் ஞாயிறை எண்ணிக் கிடப்பவருக்கு இவை சொல்லி வைத்தாற்போல் அமைந்துள்ளன. கலோரிக் கணக்கில் இந்நினைவுகளுக்கு எண் இல்லை. ஆனால் ஏழாம் நாளின் அளவைத் தீர்மானிப்பவை இவையே.

மீறலின் படிகளையும் நம் முன்னோர் நான்காக வகுத்தனர்: அதிக்கிரமம், வியதிக்கிரமம், அதிசாரம், அனாசாரம். இதற்குக் கிழ எருதை உவமை கூறுவர். வேலிக்கு அப்பால் விளைந்த பயிரைக் கண்டு மேய வேண்டும் என்று எருது எண்ணுவது அதிக்கிரமம். வேலிச் சந்தில் தலையை நுழைப்பது வியதிக்கிரமம். ஒரு வாய் பயிரைக் கவ்வுவது அதிசாரம். வேலியை முறித்து உள்ளே புகுந்து மனம்போல் மேய்வது அனாசாரம். ஒரு வாய் கவ்வியதால் வயல் அழிந்துவிடாது என்பது இதன் உட்கிடை. வேலி இன்னும் நிற்கிறது. எருது தலையை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

உணவை அளந்து உண்பவர்க்கு நேரும் இடர், மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுவதே. 1975இல் ஹெர்மன், மேக் என்னும் உளவியலார் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. கல்லூரி மாணவியரில் சிலர்க்கு முதலில் செறிந்த பால்பானம் தந்தனர்; பின் பனிக்கூழைச் சுவைத்து மதிப்பிடச் சொல்லி, வேண்டிய அளவு உண்ணலாம் என்றனர். கட்டுப்பாடு ஏதுமின்றி உண்பவர்கள், பால்பானத்தால் வயிறு நிறைந்ததால், பனிக்கூழைக் குறைத்தே உண்டனர். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ பானம் அருந்தியபின் பனிக்கூழை மிகுதியாக உண்டனர். 'இன்றைய கட்டுப்பாடு கெட்டுவிட்டது, இனி என்ன' என்னும் எண்ணமே காரணம் என்று ஆய்வாளர் கருதினர். ஒரு லட்டு உண்டால் 200 கலோரி அளவுக்குப் பிழை. 'இனி என்ன' என்று தொடர்ந்தால் 2000.

திங்கட்கிழமைப் பட்டினியைப் பிராயச்சித்தம் என்று இளைஞர் எண்ணியிருக்கக் கூடும். பிராயச்சித்த வகைகளுள் உபவாசமும் அடங்குவது உண்மை. எனினும் அதை விதிப்பவர் குரு. தானே தனக்குத் தண்டனையாக விதித்துக்கொள்வதன்று. மேலும் அவ்வரிசையில் முதலில் நிற்பது ஆலோசனை, அதாவது நடந்ததை நடந்தவாறே சொல்லுதல். கலோரிக் கணக்கிலும் அதுவே முதல் மருந்து என்று மருத்துவ நண்பர் கூறினார். ஞாயிறன்று உண்டதையும் ஒன்று விடாது பதிய வேண்டும்; குறைத்து எழுதக் கூடாது; திங்களன்று வழக்கமான 1700 உண்ண வேண்டும்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். எடை குறைப்பது வேறு, அவமோதரியத் தவம் வேறு. தவத்தின் நோக்கம் கன்ம உதிர்ப்பு. இடுப்புச் சுற்றளவு அன்று. ஆயினும் உணவை எண்ணி உண்பது நமக்குப் புதிதன்று. ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறையுணவு. அதில் ஒன்று குறைத்தாலும் அவமோதரியம் தொடங்கிவிடுகிறது. ஒரு கவளம் 1000 அரிசி அளவு என்று உரைகாரர் கூறுவர். ஆர்வத்தால் கணக்கிட்டுப் பார்த்தேன். 1000 அரிசி 15 முதல் 20 கிராம் எனக் கொண்டால், 32 கவளம் ஏறத்தாழ 1700 முதல் 2200 கலோரி. தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உபவாசத்தைச் சுற்றியும் இத்தகைய அளவு உண்டு. புரோஷதோபவாசத்தில் அட்டமிக்கு முந்திய நாளும் ஒருவேளை உணவு, பாரணை நாளும் ஒருவேளை உணவு. நோன்புக்கு மறுநாள் எத்துணை ஆபத்தானது என்பதை அறிந்தே இவ்வாறு வகுத்துள்ளனர் போலும்.

சிலர் இவற்றுள் எதையும் தாமே செய்துபார்க்கலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், கருவுற்ற மகளிர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும். மறைவில் பெருமளவு உண்பதும், பின்னர் நாணிப் பட்டினி கிடப்பதும் அல்லது வாந்தி எடுப்பதும் சிலரிடம், சிறப்பாக இளம்பெண்களிடம், நோயாகவே நிலைத்துவிடுகின்றன. அவர்களை ஒழுக்கக் குறைவுடையோர் என்று கடிந்துகொள்வது கொடுமை. அது மருத்துவம் வேண்டும் நோய்.

இவற்றையெல்லாம் இளைஞருக்கு மடலாக எழுதினேன். ஒரு வினாவும் கேட்டிருந்தேன்: "ஞாயிறன்று இரவுணவு உண்பீரா? புலால் உண்பீரா?" அவர் விடை எழுதினார்: "அதெப்படி ஐயா, அன்றும் பொழுது சாயுமுன் உண்டுவிடுவேன். மற்றது எண்ணத்திலும் வராது." பிறர் விதித்த கட்டுக்குத்தான் அவர் விடுமுறை கேட்கிறார்; தமதாகக் கொண்டதற்குக் கேட்கவில்லை. அவரே இதைக் கண்டுகொண்டாரா என்பது மடலில் தெரியவில்லை.

இப்போது அவர் ஞாயிற்றுக்கு 2200 என்று எல்லை வைத்துள்ளார். அன்று காலை அன்னையார் கைப்பொங்கல் உண்டு, அதுவும் பதிவாகிறது. இரண்டு திங்களில் மூன்று கிலோ குறைந்ததாம். நெய்யை அளந்து ஊற்றச் சொல்கிறான் என்று அன்னையார்க்கு மட்டும் மனக்குறை.