சட்டை நிறம் மட்டும் போதாது

நம்பிக்கை: கால்பந்து ஒளிபரப்பில் முதுகு எண்ணைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் வீரரை அடையாளம் காண்கிறது.

உண்மை: மைதானம் விரிந்து தெரியும் காட்சியில், தொலைவில் நிற்கும் வீரரின் உயரமே சில பத்து பிக்சல்கள்தான். அதில் எண் எங்கே தெரியும்? படத்தில் இருப்பவற்றைக் கண்டறியும் யோலோ (YOLO) போன்ற நிரல்கள் முதலில் சொல்வது, இங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மட்டுமே.

நம்பிக்கை: இரண்டு அணிக்கும் வேறு வேறு நிறம். பிறகென்ன சிரமம்?

உண்மை: சிரமமெல்லாம் இங்கேதான். வீரரைச் சுற்றிக் கட்டம் போட்டு, புல்லின் பச்சையை நீக்கி, மிஞ்சும் சட்டை நிறங்களில் ஒத்தவற்றைக் குழுவாகச் சேர்ப்பது வழக்கமான முறை. பச்சைச் சட்டை அணி வந்தால் புல்லோடு சட்டையும் போய்விடும். மாலை ஆட்டத்தில் கூரையின் நிழல் பாதி மைதானத்தை மூடும். வெயிலில் வெள்ளையாக இருந்த சட்டை நிழலில் நீலம் பாய்ந்து பதிவாகும். கோல்கீப்பர் மற்ற வீரர்களிடமிருந்து வேறுபட்ட நிறம் அணிய வேண்டும் என்பது ஆட்ட விதி. ஆகவே நிறத்தை மட்டும் நம்பும் நிரலால் அவரை எந்த அணியிலும் சேர்க்க முடியாது. அவர் எந்தக் கோலைக் காக்கிறார் என்று பார்க்க வேண்டும். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவதையும் நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மனிதக் கண்ணே இதில் திணறியிருக்கிறது. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் சாம்பல் நிறச் சட்டையில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட், இடைவேளைக்குள் 3 கோல் வாங்கியது. சக வீரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி, இரண்டாம் பாதிக்குச் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆட்டம் 3-1 என்று தோல்வியில் முடிந்தது.

நம்பிக்கை: ஆஃப்சைடை இப்போது இயந்திரமே தீர்மானிக்கிறது.

உண்மை: 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கடியில் இருந்த 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை விநாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த உணரி விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இத்தனைக்குப் பிறகும் வீடியோ நடுவர்கள் சரிபார்த்தே கள நடுவருக்குத் தெரிவித்தார்கள். அதுவே சரியான ஏற்பாடு, ஏனென்றால் இயந்திரமும் ஏமாறும். 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில், பந்தைத் தானாகத் தொடரும் கேமரா ஒன்று துணை நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்தாக எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே திரும்பத் திரும்பக் காட்டியது.

வீரர் ஓடிய தூரம், அணியின் அமைப்பு என்று அடுத்த முறை திரையில் புள்ளிவிவரம் வந்தால், அது எத்தனை கேமராக்களிலிருந்து வந்தது, மனிதர் யாராவது சரிபார்த்தார்களா என்று கேளுங்கள்.